லிஃப்டும் இம்பிளாண்டும்: ஒரே ஆபரேஷனா, இரண்டு ஆபரேஷனா?

பிள்ளை பெற்று, பால் கொடுத்து முடித்து, எடையும் ஏறி இறங்கிய பிறகு மார்பில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே தெரியும். மார்பு கீழே இறங்கியிருக்கும், மேல்பாதி வற்றியிருக்கும். இறங்கியதை ஏற்றுவதற்கு லிஃப்ட், வற்றியதை நிரப்புவதற்கு உள்ளே வைக்கும் செயற்கைப் பை, அதாவது இம்பிளாண்ட். இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாமா, சில மாத இடைவெளி விட்டுத் தனித்தனியாகச் செய்வதா? மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கும், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கமிருந்து கோவைக்கும் ஆலோசனைக்குப் போகிறவர்கள் இந்த முடிவைப் பெரும்பாலும் செலவு, லீவு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் என்ற மூன்றையும் வைத்தே எடுத்துவிடுகிறார்கள். மூன்றும் முக்கியம்தான். ஆனால் முடிவு தொடங்க வேண்டிய இடம் அளவு நாடா.

சேர்த்துச் செய்வதில் என்ன சிக்கல்

லிஃப்டில் மிச்சத் தோலை வெட்டி எடுத்து, உறையைச் சுருக்குகிறார்கள். இம்பிளாண்டில் அதே உறைக்குள் புதிதாக ஒரு கனத்தை வைக்கிறார்கள். தலையணை உறையின் தையலை உள்ளே பிடித்துக்கொண்டே பஞ்சையும் கூட்டித் திணிப்பது மாதிரி இது. எவ்வளவு பிடிப்பது, எவ்வளவு திணிப்பது என்ற கணக்கில் அரை அங்குலம் தவறினாலும் தையல் மீதுதான் இழுவை விழும்.

இழுவை ஒரு பக்கம் என்றால் ரத்த ஓட்டம் இன்னொரு பக்கம். காம்புக்கும் அதைச் சுற்றிய கருவட்டத்துக்கும் ரத்தம் பல வழியாக வருகிறது. நெஞ்செலும்பின் ஓரத்திலிருந்து வரும் கிளைகள், அக்குள் பக்கத்துக் கிளைகள், விலா இடைவெளியிலிருந்து நெஞ்சுத் தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வருபவை என்று மூன்று கூட்டம். லிஃப்டுக்காகத் தோலையும் சுரப்பித் திசுவையும் வெட்டும்போது இவற்றில் ஒரு பகுதி போய்விடும். இம்பிளாண்டைச் சுரப்பிக்கும் தசைக்கும் நடுவில் வைப்பதற்கு இடம் வெட்டினால், தசையைத் துளைத்து வரும் கிளைகளும் அறுபடும். உள்ளே இருக்கும் கனம் மிச்சமிருக்கும் நுண்குழாய்களை அழுத்தும். தனித்தனியாகச் செய்தால் உடல் தாங்கும் இந்த இரண்டு வேலைகளை ஒரே நாளில் கொடுக்கும்போது தாங்குமா என்பதுதான் சர்ஜனின் முதல் கவலை. தாங்காவிட்டால் காம்பின் தோல் கறுத்து அழுகும். அரிதாகவே நடக்கும், நடந்தால் பழையபடி ஆக்க முடியாது.

இந்த ஆபரேஷனைப் புதுப் பரிசோதனை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1960களிலேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க வாடிக்கையாகச் செய்கிறார்கள். ஆனாலும் அழகு அறுவைகளில் மறு ஆபரேஷனுக்கும் வழக்குக்கும் அதிகம் இழுத்துச் செல்பவற்றில் இது ஒன்று என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

நாடாவில் பார்க்க வேண்டிய மூன்று அளவு

கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று, தோளைத் தளர்த்திக்கொண்டு, மார்பு நெஞ்சோடு சேரும் அடிமடிப்பின் மட்டத்தைப் பாருங்கள். காம்பு அந்த மட்டத்தில் இருந்தால், அல்லது 1 செ.மீ. வரை கீழே இருந்தால், முதல் நிலைத் தொங்கல். 1 முதல் 3 செ.மீ. வரை கீழே என்றால் இரண்டாம் நிலை. 3 செ.மீ.க்கும் கீழே போய், காம்பு தரையைப் பார்த்தால் மூன்றாம் நிலை. காம்பு மடிப்புக்கு மேலேயே நின்று, அடிப்பாகம் மட்டும் தளர்ந்து வழிந்திருந்தால் அது போலித் தொங்கல். இந்தப் பிரிப்பு 1976 முதல் வழக்கத்தில் இருக்கிறது. எந்த சர்ஜனிடம் போனாலும் குறிப்பேட்டில் இதுதான் முதல் வரியாக இருக்கும்.

இரண்டாவது, கழுத்துக்குழியிலிருந்து காம்பு வரை உள்ள தூரம். சராசரி உயரமுள்ள பெண்ணுக்கு 19 முதல் 21 செ.மீ. அழகான அளவு என்பார்கள். 24, 25 தாண்டினால் லிஃப்ட் இல்லாமல் வேலை நடக்காது. 30ஐ நெருங்கினால் காம்பை ஏற்ற வேண்டிய தூரம் அதிகம். ரத்த ஓட்டத்துக்கான பயமும் அதே அளவுக்கு அதிகம்.

மூன்றாவது அளவை வீட்டில் எடுப்பது கடினம். சர்ஜன் தோலை இழுத்துப் பிடித்து, காம்பிலிருந்து மடிப்பு வரை அளந்து, மிஞ்சும் தோல் எத்தனை செ.மீ. என்று கணக்குப் போடுவார். மேலும் கீழுமாக மிஞ்சும் தோல் 6 செ.மீ.க்குள் என்றால் ஒரே ஆபரேஷன், அதற்கு மேல் என்றால் இரண்டு என்று பல சர்ஜன்கள் கோடு போட்டிருக்கிறார்கள். 6 என்பது கல்லில் செதுக்கிய எண் இல்லை. தோலின் தரமும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். தோலைக் கிள்ளி விட்டால் உடனே திரும்புகிறதா, வெள்ளி நிறப் பிரசவ வரிகள் எவ்வளவு, இரைப்பைச் சுருக்க அறுவை செய்து முப்பது நாற்பது கிலோ இளைத்தவரா என்பதெல்லாம் கணக்கில் வரும். பெரிய எடை இழப்புக்குப் பிறகு தோலில் மீள்தன்மை போய்விடும். அந்தத் தோல் புதுக் கனத்தைத் தாங்காது; ஒரு வருடத்தில் மறுபடி இறங்கும்.

இந்த மூன்று அளவையும் எழுதாமல், ஃபோட்டோவை மட்டும் பார்த்து “ஒரே சிட்டிங்கில் முடிச்சிரலாம்” என்று வாட்ஸாப்பில் சொல்லும் இடத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

முதலில், இம்பிளாண்ட் வேண்டுமா?

ஒன்றா இரண்டா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டால் பாதிப் பேருக்கு வேலை எளிதாகும். பிராவைப் போட்டுப் பாருங்கள். போட்டவுடன் அளவு போதும் என்று தோன்றினால் உங்களுக்குத் தேவை லிஃப்ட் மட்டும். பிரா போட்ட பிறகும் மேல்பாதி காலியாக, துணி சுருங்கி நின்றால்தான் கனம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

லிஃப்ட் மட்டும் செய்தால் இருக்கும் திசுவே மேலே வந்து உட்காரும். வெளியே வைத்த பொருள் எதுவும் இல்லை, வாழ்நாள் கண்காணிப்பும் இல்லை. ஒரு குறை உண்டு. ஆபரேஷன் முடிந்த உடனே மேல்பாதியில் தெரியும் நிறைவு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இறங்கிவிடும். பிளவுஸின் கழுத்து விளிம்புக்கு மேலே நிறைவு தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு லிஃப்ட் மட்டும் திருப்தி தராது. கீழ்ப்பகுதிச் சுரப்பியை வெட்டி எறியாமல் மடித்து மேலே செருகித் தைக்கும் முறை இருக்கிறது. ஓரளவு உதவும்.

கொழுப்பு ஏற்றுவது நடுவழி. வயிறு, தொடையிலிருந்து உறிஞ்சி எடுத்த கொழுப்பைப் பக்கத்துக்கு 100 முதல் 250 சிசி வரை ஊசி வழியாக மார்பில் பரப்புவார்கள். அதில் பாதி முதல் 70 சதவீதம் வரை தங்கும், மற்றது கரைந்துவிடும். அரை கப் கூடினால் போதும் என்பவருக்கு நல்ல வழி. லிஃப்டோடு சேர்த்துச் செய்தால் தையல் மீது கனம் விழாது. எண்ணெய்க் கட்டிகளும் சுண்ணாம்புப் புள்ளிகளும் பின்னால் மேமோகிராமில் தெரியலாம். ஸ்கேன் பார்ப்பவரிடம் கொழுப்பு ஏற்றிய விஷயத்தை மறைக்கக் கூடாது. ஒல்லியானவருக்கு இந்த வழியே கிடையாது.

இம்பிளாண்ட் மட்டும் என்பது போலித் தொங்கலுக்கும் முதல் நிலையின் தொடக்கத்துக்கும் சரி. இரண்டாம் நிலைக்கு லிஃப்ட் இல்லாமல் இம்பிளாண்ட் வைப்பதுதான் நாங்கள் பார்த்த பிழைகளிலேயே மலிவானதும், திருத்துவதற்குக் கஷ்டமானதும். தழும்பு வேண்டாம், மடிப்பில் ஒரு சின்ன வெட்டு போதும் என்று ஆசை காட்டுவார்கள். தசைக்கு அடியில் இம்பிளாண்ட் மேலே நிற்கும், உங்கள் சொந்த மார்பு அதன்மீது வழிந்து கீழே தொங்கும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மேடு தெரியும். தொங்கலை மறைக்க இன்னும் பெரிய இம்பிளாண்ட் வைத்தால், 400 சிசி என்பது ஏறக்குறைய 400 கிராம். அது தன் கனத்தாலேயே தொங்கலை வேகப்படுத்தும்.

ஒரே ஆபரேஷன் எப்படி நடக்கிறது

நின்ற நிலையில் மார்க்கர் பேனாவால் கோடு போடுவதில் வேலை ஆரம்பிக்கும். படுத்த பிறகு மார்பு பக்கவாட்டில் சரிந்துவிடும். அப்போது போடும் கோடு பயனில்லை. முழு மயக்கம். வெட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி. மொத்தம் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் பிடிக்கும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் இம்பிளாண்டுக்கு உள்ளே இடம் வெட்டி, அளவுப் பை என்னும் தற்காலிக இம்பிளாண்டை வைத்துப் பார்ப்பார்கள். பிறகு உண்மையான இம்பிளாண்ட். காம்பை ஒட்டும் படலத்தால் மூடி, கையுறையை மாற்றி, தோலில் படாமல் உள்ளே நுழைப்பார்கள், ஏனென்றால் பால்குழாய்களில் குடியிருக்கும் கிருமி இம்பிளாண்டில் ஒட்டிக்கொண்டால், உடல் அதைச் சுற்றிக் கட்டும் உறை பின்னால் இறுகும். தோலை இன்னும் வெட்டியிருக்க மாட்டார்கள். மிச்சத் தோலை மடித்து ஸ்டேப்ளரால் தற்காலிகமாகப் பின் அடித்து, மேசையின் முதுகுப் பக்கத்தை உயர்த்தி, மயக்கத்தில் இருப்பவரைக் கிட்டத்தட்ட நிமிர்ந்து உட்காரவைத்து, கால்மாட்டில் போய் நின்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவார் சர்ஜன். காம்பின் உயரம், மடிப்பின் மட்டம், எந்தப் பக்கம் வெளியே சாய்கிறது என்று பார்ப்பார். ஸ்டேப்ளரைப் பிரித்து மறுபடி அடிப்பார். ஒப்பியபிறகு, பின் அடித்த இடத்தை மையால் வரைந்து, படுக்க வைத்து, அந்தத் தோலை மட்டும் எடுப்பார். தோலை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு இம்பிளாண்ட் வைத்தால் தையல் சேராமல் போகும் ஆபத்து உண்டு. ஆலோசனையின்போது இந்த வரிசையைப் பற்றிக் கேளுங்கள். அனுபவம் உள்ளவர் தடுமாறாமல் சொல்வார்.

வெட்டு மூன்று வகை. கருவட்டத்தைச் சுற்றி மட்டும். சுற்றி வந்து கீழே நேராக ஒரு கோடு. அதோடு மடிப்பு நெடுக ஒரு கோடும் சேர்ந்த நங்கூர வடிவம். முதல் வகையின் தழும்பு சின்னது என்பதால் கேட்டு வாங்குகிறார்கள். காம்பை 2 செ.மீ. ஏற்றுவது வரைதான் அது தாங்கும். அதற்கு மேல் அதில் வித்தை காட்டினால் கருவட்டம் அகன்று பரவும், மார்பு தட்டையாகும். இரண்டாம் நிலைக்கு நேர்க்கோடும், மூன்றாம் நிலைக்கு நங்கூரமும்தான் பொருத்தம். நம் நிறத் தோலில் தழும்பு தடித்து எழும்பும் வாய்ப்பு வெளுத்த தோலைவிட அதிகம். காது குத்திய இடத்திலோ சிசேரியன் தழும்பிலோ ஏற்கெனவே கெலாய்டு என்னும் தடித்த தழும்பு வந்தவர் அதைச் சர்ஜனிடம் காட்டியே ஆக வேண்டும்.

இரண்டாகப் பிரித்தால்

முதலில் லிஃப்ட், மூன்று முதல் ஆறு மாதம் கழித்து இம்பிளாண்ட். இதுதான் வழக்கமான வரிசை. முதல் ஆபரேஷனில் தோல், காம்பின் இடம், வடிவம் எல்லாம் தீர்ந்துவிடும். வீக்கம் வடிந்து, ரத்த ஓட்டம் புதிய வழியில் படிந்த பிறகு, பழைய தழும்பு வழியாகவே உள்ளே போய் இம்பிளாண்டை வைத்துவிடலாம். இரண்டாவது ஆபரேஷன் ஒரு மணி நேர வேலை. வலியும் ஓய்வும் குறைவு.

லாபம் பாதுகாப்பு மட்டும் இல்லை. லிஃப்ட் ஆறிய மார்பை அளந்து இம்பிளாண்ட் தேர்ந்தெடுக்கும்போது அளவு துல்லியமாக அமையும். லிஃப்ட் முடிந்த பிறகு “இதுவே போதும், இம்பிளாண்ட் வேண்டாம்” என்று நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. ஒரே ஆபரேஷனில் அந்த வாய்ப்பே வராது.

நட்டம் வெளிப்படை. இரண்டு மயக்கம், இரண்டு தியேட்டர் பில், இரண்டு தடவை லீவு. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிரித்துச் செய்தால் இரண்டாவது ஆபரேஷன் நூற்றுக்கு நூறு நிச்சயம். சேர்த்துச் செய்தால்? 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 23 ஆய்வுகளில் இருந்து 4,856 பேரின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் சுமார் 13 சதவீதம், மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் 11 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஒரே ஆபரேஷனோடு முடித்திருக்கிறார்கள். அதிகம் வந்த சிக்கல் மறுபடி தொங்குவது. அடுத்து மோசமான தழும்பு.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே ஆபரேஷன்தான் சிறந்தது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வுகளில் வந்தவர்கள் பெரும்பாலும் சேர்த்துச் செய்வதற்கு ஏற்றவர்கள் என்று சர்ஜன்கள் பொறுக்கி எடுத்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மூன்றாம் நிலைத் தொங்கலும், சர்க்கரையும், 400 சிசி ஆசையும் உள்ளவருக்கு அந்தப் பத்தில் ஒன்பது செல்லாது.

எங்கள் கணிப்பு இது. முதல், இரண்டாம் நிலைத் தொங்கல், மிஞ்சும் தோல் 6 செ.மீ.க்குள், தோல் ஓரளவு நன்றாக இருக்கிறது, 200 முதல் 275 சிசிக்குள் அடங்கும் இம்பிளாண்ட் போதும் என்றால் ஒரே ஆபரேஷன் நியாயமானது. இதில் இரண்டு கணக்கு தப்பினாலே பிரித்துச் செய்யுங்கள். நிக்கோடின் பழக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, பெரிய எடை இழப்பு, மார்பில் பழைய ஆபரேஷன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே பிரிப்பதுதான் முறை.

எது, எப்போது கெடும்

முதல் 24 மணி நேரத்தில் பயப்பட வேண்டியது உள்ளே ரத்தம் கட்டுவதற்கு. ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, கல் மாதிரி இறுகி, வலி ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்குள் தியேட்டருக்குத் திரும்ப வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் நாற்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் அந்தத் தூரம் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடும். அன்றே வீட்டுக்கு விடுகிறோம் என்று சொன்னாலும் முதல் இரவை மருத்துவமனையிலோ அதே ஊரிலோ கழியுங்கள்.

பத்தாம் நாள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை கவனிக்க வேண்டிய இடம், நேர்க்கோடும் மடிப்புக்கோடும் சந்திக்கும் முனை. மூன்று தோல் துண்டுகளின் ஓரம் அங்கே கூடுகிறது. ரத்தத்துக்குக் கடைசி ஊர் அதுதான், இழுவையும் அங்கேதான் அதிகம். முதலில் அரிசி அளவுக்குத் தோல் சாம்பல் நிறமாகும், பிறகு ஈரம் கசியும், பிறகு பிரியும். லிஃப்ட் மட்டும் செய்தவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. தினம் கட்டு மாற்றினால் சில வாரத்தில் தானே மூடும். அடியில் இம்பிளாண்ட் இருந்தால் கதை வேறு. தசைக்கு அடியில் வைத்தேன் என்று சர்ஜன் சொன்னாலும் தசை மேல்பாதியைத்தான் மூடும். கீழ்ப்பாதியில், சரியாக இந்த முனைக்குப் பின்னால், இம்பிளாண்டுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் சுரப்பித் திசுவும் தோலும் மட்டுமே. பிரிந்த இடம் ஆழமானால் இம்பிளாண்டை எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். நல்ல சர்ஜன் அந்த இடத்தில் சுரப்பியை இரண்டு மூன்று அடுக்காகத் தைத்து மூடுவதற்குக் காரணம் இதுதான்.

மாதங்கள் கழித்து வருபவை வேறு ரகம். இம்பிளாண்ட் மடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கி, காம்பு வானம் பார்ப்பது. உடல் இம்பிளாண்டைச் சுற்றிக் கட்டும் மெல்லிய உறை இறுகி, மார்பு கெட்டியாகி வலிப்பது. இவற்றுக்கு மறு ஆபரேஷன்தான் வழி.

இம்பிளாண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தச் சேர்க்கை அறுவைக்கு வழவழப்பான மேற்பரப்புள்ள உருண்டை இம்பிளாண்ட் போதும். சொரசொரப்பான மேற்பரப்போடு ஒரு அரிய நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புபட்டு, 2019 ஜூலையில் அல்லர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. எதை வைத்தாலும் அது ஆயுளுக்கும் இல்லை. சிலிக்கான் இம்பிளாண்ட் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. அதனால் முதல் சோதனை 5 முதல் 6 வருடத்தில், பிறகு 2 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பரிந்துரை. இந்தச் செலவையும் இன்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீரியல் எண், லாட் எண் ஒட்டிய அட்டையைக் கையில் வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள்.

ஊருக்கும் வேலைக்கும் ஏற்ற கணக்கு

வளைகுடாவில் நர்ஸாக இருப்பவர்கள் ஒரு மாதம், நாற்பது நாள் லீவில் வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகப் பார்க்கிறார்கள். இவர்களுக்குத்தான் ஒரே ஆபரேஷன் வசதி என்று தோன்றும். கொஞ்சம் யோசித்தால் மாறாகத் தெரியும். நோயாளியைத் தூக்கிப் புரட்டும் வேலைக்கு ஆறு வாரம் போகக் கூடாது. காயம் பிரிந்தால் அது ஆறி முடிவதற்குள் விமானம் ஏற வேண்டியிருக்கும். அங்கே போய் வேறொரு டாக்டரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வருடம் ஒரு லீவு எப்படியும் வருகிறது. ஒரு லீவில் லிஃப்ட், அடுத்த லீவில் இம்பிளாண்ட் என்பது இந்த வேலைக்குப் பொருந்தி வரும் ஏற்பாடு. சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்றால் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆபரேஷன் இருக்கட்டும், கடைசி வாரத்தில் அல்ல.

மேசை வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். அண்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து முந்திரி உடைப்பவர், தையல் மெஷின் மிதிப்பவர், ரப்பர் பால் வாளி சுமப்பவர் எல்லோருக்கும் கை வேலை செய்தால் மார்புத் தசையும் சேர்ந்து இழுக்கும். ஆறு வாரம் வரை 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. இடுப்பில் தண்ணீர்க் குடமும் இதில் சேர்த்திதான், கைக்குழந்தையும் சேர்த்திதான். ஸ்கூட்டர் ஓட்டுவது குறைந்தது மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் அப்படியே. முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பி இல்லாத பிரா ஆறு வாரம் இரவும் பகலும்.

குமரிப் பக்கம் இரண்டு மழைக்காலமும் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் வியர்வை. மார்பு மடிப்பில் ஈரம் தங்கினால் படை வரும், தையல் ஊறும். தேதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரி, பிப்ரவரியைப் பிடியுங்கள். மூன்றாம் வாரம் முதல் சிலிக்கான் ஷீட் மூன்று மாதம் ஒட்டினால் தழும்பு அமுங்கும். அதுவும் வியர்வையில் ஒட்டாது.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டிய பட்டியலில் ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ இருக்கும். இங்கே அரிஷ்டமும் லேகியமும் எடுக்காத வீடு குறைவு. அவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் பெயரோடு சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் நிக்கோடின்தான். முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் வாயில் வைக்கக் கூடாது. உழிச்சில் வைத்தியசாலைக்குப் போய் நெஞ்சில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, சர்ஜன் அனுமதிக்கும் வரை வேண்டாம். மீனும் முட்டையும் சாப்பிட்டால் புண் பழுக்கும் என்று பெரியம்மாமார் தடுப்பார்கள். காயம் கூடுவதற்குப் புரதம்தான் தேவை. மரச்சீனிக் கிழங்கோடு மீனையும் சேர்த்தே சாப்பிடுங்கள்.

இன்னொரு குழந்தை எண்ணம் இருந்தால் இரண்டு வழியையும் தள்ளிப் போடுங்கள். பால் நிறுத்தி ஆறு மாதம், எடை நிலையாகி ஆறு மாதம் ஆகாமல் எடுக்கும் அளவு எதுவும் நிற்காது. 40 வயது தாண்டியவர் மேமோகிராம் பார்த்துவிட்டுத்தான் மேசையில் ஏற வேண்டும்.

பில்லும் கையெழுத்தும்

அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. அதோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் உண்டு. சொல்லும் தொகை வரி சேர்த்தா சேர்க்காமலா, இம்பிளாண்ட் ஜோடியின் விலை தனியா என்று முதலிலேயே கேளுங்கள். மறு ஆபரேஷன் வந்தால் சர்ஜன் கூலி, தியேட்டர், மயக்க மருந்து ஆகிய மூன்றில் எதை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரே ஆபரேஷனின் மலிவு இந்த ஒரு வரியில்தான் நிலைக்கும் அல்லது கரையும். சர்ஜனிடம் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்கிறதா என்று மாநில மருத்துவக் கவுன்சில் பதிவில் பாருங்கள். “காஸ்மெடிக் சர்ஜன்” என்ற பலகை மட்டும் போதாது.

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு தொல்லை, சம்மதப் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருப்பது. பேச்சில் மலையாளம் புரிந்தாலும் எழுத்து ஓடாது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தமிழில் வாசித்து விளக்கி, விளக்கியதாக எழுதிக் கையெழுத்துப் போட ஆள் வைக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு, அதாவது 5, 6 செ.மீ. என்று எல்லையில் அளவு விழுந்தவருக்கு, மூன்றாவது ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரே ஆபரேஷன் என்று திட்டமிட்டு, படிவத்தில் “தோல் இறுகினாலோ காம்பின் நிறம் மாறினாலோ லிஃப்டோடு நிறுத்திக்கொள்ள சம்மதம்” என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுவது. அளவுப் பையை வைத்துப் பார்க்கும்போதே காம்பு வெளிறினால் அல்லது நீலம் பாரித்தால் சர்ஜன் அதை வெளியே எடுத்துவிட்டு லிஃப்டை முடித்துத் தைத்துவிடுவார். இம்பிளாண்ட் ஆறு மாதம் கழித்து. இதற்கு ஒத்துக்கொள்ளும் சர்ஜனிடம் இன்னும் ஒன்று பேசிக்கொள்ள வேண்டும்: பெட்டி பிரிக்காத இம்பிளாண்டுக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது என்பதை எஸ்டிமேட் தாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பிரித்த பெட்டியைக் கம்பெனி திருப்பி எடுக்காது.